தொண்ணூற்றேழு என்று எழுதிய நாள்

2024 ஜனவரி 9, செவ்வாய்க்கிழமை. மார்கழி 24. காலை 4.50க்கு எழுந்தேன். கோயில் ஒலிபெருக்கி அதற்கு முன்பே பாட ஆரம்பித்திருந்தது. வாசல் தெளித்து, பனி அதிகமாக இருந்ததால் கோலத்தைச் சின்னதாக முடித்துக்கொண்டேன். 5.20க்குப் பால் வந்தது. 5.40க்கு அண்ணனை எடைக் கருவியின் மேல் நிறுத்தினேன்: 61.4 கிலோ. முதல் நாள் 61.1. இரவு கழித்த சிறுநீர் 420 மில்லி. வீங்கிய இடது கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் பத்து எண்ணும்வரை அழுத்தி எடுத்தேன். பள்ளம் நிரம்புவதற்குப் பதினெட்டு எண்ண வேண்டியிருந்தது. வலது காலில் பதினைந்து. ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு காட்டும் கிளிப்பை விரலில் மாட்டிப் பார்த்ததில் 89. ஆக்ஸிஜன் 1 லிட்டர். எல்லாவற்றையும் அதனதன் கட்டத்தில் எழுதிவிட்டுக் காபி போடப் போனேன்.

அண்ணனுக்கு அறுபத்தொன்று, எனக்கு ஐம்பத்து மூன்று. முப்பத்திரண்டு வருடம் பட்டு நூலுக்குச் சாயம் போட்டவர் அவர். விறகடுப்புப் புகையும் அமில ஆவியும் போதாதென்று பீடியும் பிடித்தார். அண்ணி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது, அவர்களுக்குக் குழந்தை இல்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பின்னால் கதை எதுவும் கிடையாது. வந்த இரண்டு இடமும் ஒத்துவரவில்லை, பிறகு யாரும் வரவில்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நவம்பரிலிருந்து ஆக்ஸிஜன் மெஷினையும் சேர்த்தால் மூன்று. அவர் பேசாத நேரத்தில் அது பேசிக்கொண்டிருக்கும்.

நவம்பர் 18 அன்று அண்ணனை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது நுரையீரல் டாக்டர் எங்களை உட்காரவைத்து அரைமணி நேரம் விளக்கினார். இளம்பெண். என் குறிப்பேட்டையே வாங்கி அதில் படம் வரைந்தார். உடம்பின் ஒவ்வொரு மூலையிலும் உண்டாகும் கார்பன் டை ஆக்ஸைடு ரத்தத்தில் ஏறி நுரையீரலுக்கு வந்து சேர வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானது ரத்தத்தில் அப்படியே கரைந்து வருகிறது. இரண்டு பங்கு, சில நேரம் அதற்கு மேலும், சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொண்டு வருகிறது. மீதி ஏழு பங்கு சிவப்பணுவுக்குள் நுழைந்து தண்ணீரோடு சேர்ந்து அமிலமாகி, நொடியில் உடைந்து, பைகார்பனேட்டாக வெளியே ரத்த நீருக்கு வந்துவிடுகிறது. அது வெளியே வர, உப்பில் இருக்கும் குளோரைடு அந்த இடத்துக்கு உள்ளே போகிறது. நுரையீரலை அடைந்ததும் அத்தனையும் தலைகீழாக நடந்து, மறுபடி வாயுவாகி, மூச்சில் வெளியேறுகிறது.

அண்ணன் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த பைகார்பனேட்டுன்றது இன்னாம்மா? ஆப்ப சோடாவா?"

"அதேதான் சார்."

"அப்போ நம்ம கதைதான். பட்டறையில தொட்டியில புளிப்பு ஏறிச்சின்னா சோடாவ போடுவோம்."

"உங்க கிட்னியும் அதைத்தான் பண்ணிட்டிருக்கு. உங்களால முழுசா வெளிய ஊத முடியல. கார்பன் டை ஆக்ஸைடு தங்கிப்போகுது, ரத்தம் அமிலமாகப் பார்க்குது. அதனால கிட்னி சோடாவ வெளிய விடாம சேர்த்து வச்சிருக்கு. ஆனா அது மெதுவா, நாள் கணக்குல நடக்கிற வேலை."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "பாத்தியாம்மா? எட்டாங்கிளாஸ் தாண்டாதவன் கிட்னிக்குச் சாயப்பட்டறை வேலை தெரிஞ்சிருக்குது."

கால் வீக்கத்தைப் பற்றி நான் கேட்டேன். உடம்பில் இருக்கும் தண்ணீர் ஒரே தொட்டியில் இல்லை என்றார். எடையில் ஏறக்குறைய அறுபது சதவீதம் தண்ணீர். அதில் மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்கு உள்ளே. வெளியே இருக்கும் ஒரு பங்கிலும் முக்கால்வாசி செல்களுக்கு இடையில் நிற்கிறது. கால்வாசி மட்டும்தான் ரத்தக் குழாய்க்குள் ஓடுகிறது. குழாயை விட்டு வெளியே வந்து இடைவெளியில் தேங்கிய தண்ணீரைத்தான் என் கட்டைவிரல் அழுத்திப் பார்க்கிறது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். அண்ணனின் உடம்பில் முப்பத்தாறு லிட்டர் சொச்சம். ரத்த நீர் மட்டும் மூன்று லிட்டர். நாங்கள் ரசம் வைக்கும் குண்டான் அளவுகூட இல்லை. அவ்வளவு சரக்கும் அந்த மூன்று லிட்டரில் ஏறி இறங்குகிறது என்று நினைத்தபோது பயமாக இருந்தது.

கடைசியாக டாக்டர் சொன்னதைச் சிவப்பு மையால் எழுதி அடிக்கோடு போட்டேன். ஆக்ஸிஜன் 1 லிட்டர். கிளிப்பில் 88 முதல் 92 வரை இருக்க வேண்டும். "தொண்ணூத்தஞ்சு வேண்டாம். நூறு வேண்டவே வேண்டாம். கை ஜில்லுன்னு இருந்தா குறைச்சுக் காட்டும், தேய்ச்சு சூடாக்கிட்டு மறுபடி பாருங்க."

நான் நெசவாளர் கூட்டுறவு சங்கத்தில் புடவைகளைச் சரிபார்ப்பவள். நீளம் அளந்து, எடை போட்டு, முந்தியிலிருந்து பிரித்து வெளிச்சத்தில் பிடித்து, விட்டுப்போன இழை, சேராத கரை எல்லாம் பார்த்துச் சீட்டில் எழுத வேண்டும். இருபத்தாறு வருடமாகச் செய்கிறேன். எனக்குத் தராசு என்று பட்டப்பெயர் உண்டு. என் முன்னாலேயே சொல்வார்கள், நான் கண்டுகொள்வதில்லை. நூற்றுக்கு எண்பத்தொன்பது என்ற எண்ணை அப்படிப்பட்ட நான் ஐம்பத்திரண்டு நாட்களாக என் கையாலேயே எழுதிக்கொண்டிருந்தேன். 89, 90, 88, 89. சரி என்று தெரிந்தே எழுதினேன். ஆனாலும் பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் குறையுள்ள புடவையைத் தினமும் பாஸ் பண்ணுவது போலவே இருந்தது.

பக்கத்து வீட்டு அம்மா வேறு. அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எங்களிடம் ஊர்ப் பேச்சுதான். அன்று காலை மதில்மேல் துணியைப் போட்டபடி கேட்டார்.

"இன்னிக்கு எவ்ளோ?"

"எண்பத்தொம்பது."

"எங்க வீட்டுக்காரருக்குக் கொரோனா வந்தப்போ தொண்ணூத்தி நாலுக்குக் கீழ எறங்கினாவே ஓடியாங்கன்னாங்க. நீ இன்னாடான்னா எண்பத்தொம்பதை வச்சிக்கினு கோலம் போட்டுக்கினு இருக்கற."

"டாக்டர் அப்படித்தான் இருக்கணும்னாங்க."

"டாக்டரு சொல்லுவாரு. அவருக்கு இன்னா, அவரு அண்ணனா?"

மதியம் 1.15க்குச் சாப்பாடு போட வீட்டுக்கு வந்தேன். அண்ணனுக்குக் குளிராக இருந்தது. போர்வையைத் தோளில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உப்பில்லாத ரசம் சாதம், கோவைக்காய். ஒரு நாளைக்கு ஒன்றேகால் லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்பதால் டம்ளரில் 150 மில்லி அளந்து வைத்தேன்.

"இது இன்னா, தீர்த்தமா?" என்றார். "பல்லிகூட இதைவிட ஜாஸ்தியா குடிக்கும்."

"பல்லிக்குக் கால் வீங்கலையேண்ணா."

"செவுத்துல ஏறி நிக்குது இல்ல, அதான் வீங்கல. என்னையும் ஏத்திவிடு."

சிரித்ததில் இருமல் வந்து, நிற்க நான்கு நிமிடம் ஆனது. 2.10க்குக் கிளிப்பை மாட்டினேன். 86.

அவர் விரல் சில்லென்று இருந்தது. தேய்த்துச் சூடாக்கிவிட்டு மறுபடி பார்த்திருக்க வேண்டும். சிவப்பு மையில் நானே எழுதியது. நான் தேய்க்கவில்லை. மெஷினுக்கு முன்னால் குனிந்து திருகினேன். கண்ணாடிக் குழாயில் இருக்கும் சின்ன உருண்டை, ஒன்று என்ற கோட்டிலிருந்து எழும்பி இரண்டைத் தாண்டி மூன்றில் நின்றது. கிளிப்பில் 90. பிறகு 93. 95. நான்கு நிமிடத்தில் 97.

"இன்னாம்மா பண்ணிக்கினு இருக்கற அங்க?"

"ஒண்ணுமில்லண்ணா. தூங்குங்க."

97 என்று எழுதினேன். பக்கத்துக் கட்டம் ஆக்ஸிஜனுக்கு. அதில் ஒன்று என்று எழுதினால் பொய். மூன்று என்று எழுதினால் சிவப்பு மைக்கு எதிராகப் போனது தெரியும். யாருக்குத் தெரியப்போகிறது? அதைப் படிப்பவள் நான் ஒருத்திதான். இருந்தும் காலியாக விட்டேன். பேனாவை மூடிவிட்டு 2.30க்கு சங்கத்துக்குத் திரும்பினேன்.

அன்று மாலை 5.15க்கு வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போகவில்லை. நவம்பருக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. தொண்ணூற்றேழு எனக்கு ஒரு விடுமுறை கொடுத்த மாதிரி இருந்தது. ராஜவீதி வரை நடந்தேன். புடவைக் கடைகளின் முன்னால் வெளியூர்க்காரர்களின் கார்கள் நின்றன. ஒரு டீக்கடையில் நின்றபடி காபி குடித்தேன். அந்த எண்ணை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சங்கத்தில் சொல்லியிருக்கலாம், சொல்லும்படி யாரும் கேட்கவில்லை. இரண்டு முழம் பூ வாங்கும்போது பூக்காரம்மாவிடம், "எங்க அண்ணனுக்கு இன்னைக்குத் தொண்ணூத்தேழு" என்றேன்.

"அப்படியாம்மா? நடமாட்டமா இருக்காரா? குடுத்து வச்சவருதான்" என்று கொசுறாக நான்கு கண்ணி சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். நான் திருத்தவில்லை.

6.05க்கு வீடு. அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். முகம் சிவந்து, கை கதகதப்பாக இருந்தது. கிளிப்பில் 98. இவ்வளவு அமைதியாக அவர் தூங்கி நான் பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. எழுப்ப மனம் வரவில்லை. பூவைச் சாமி படத்துக்குச் சாத்தினேன். விளக்கேற்றினேன். 98ஐ எழுதினேன். இருபத்தைந்து நிமிடம் அவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், சந்தோஷமாகவே.

6.30 அவர் காபி குடிக்கும் நேரம். கூப்பிட்டேன். தோளைத் தட்டினேன். கண்ணைப் பாதி திறந்து, "நூலை எடு, நூலை எடு, கருகிடும்" என்றார். கண் மறுபடி மூடிக்கொண்டது. போர்வைக்கு வெளியே இருந்த கை, யாரோ சுண்டி விடுவது போல வெட்டி வெட்டி இழுத்தது. கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு ஒன்பது, அதுவும் மேலோட்டமாக. கிளிப் அப்போதும் 98 என்றுதான் சொன்னது.

எடையை மட்டும் பார்த்து ஒரு புடவையைக்கூட நான் பாஸ் பண்ணியதில்லை. ஈரம் காட்டினால் எடை ஏறும். அதனால்தான் பிரித்து வெளிச்சத்தில் பிடிப்போம். என் அண்ணனை நான் பிரித்துப் பார்க்கவில்லை. அந்தக் கிளிப் ஆக்ஸிஜனை மட்டுமே எண்ணும். வெளியே போக வேண்டியது எவ்வளவு உள்ளே தங்கியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதையும் நவம்பர் 18 பக்கத்தில் நான் எழுதித்தான் வைத்திருந்தேன்.

திருகை ஒன்றுக்கு இறக்கினேன். 108ஐ அழைத்தேன். பக்கத்து வீட்டு அம்மா ஓடிவந்து அண்ணனை ஒருபக்கம் பிடித்துக்கொண்டார். "நல்லாத்தானே தூங்கிக்கினு இருக்காரு?" என்று கேட்டார். நான் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அந்த நுரையீரல் டாக்டர் இல்லை. டியூட்டியில் வேறொருவர் இருந்தார். மணிக்கட்டுத் தமனியில் ஊசி போட்டு ரத்தம் எடுத்தார்கள். முடிவு வருவதற்குள் அவர் என்னிடம் கேட்டார்.

"வீட்ல ஆக்ஸிஜன் எத்தனை லிட்டர் வச்சிருந்தீங்க?"

"ஒண்ணு" என்றேன்.

என் கையில் இருந்த குறிப்பேட்டை வாங்கிப் புரட்டினார். "இவ்ளோ சுத்தமா யாரும் எழுதி நான் பார்த்ததில்லம்மா" என்றார். அவர் விரல் கடைசிப் பக்கத்தில் நின்றது. "இங்க மட்டும் ஏன் காலியா இருக்கு?"

நர்ஸ் அண்ணனின் பெயரைச் சத்தமாகச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் திரும்பவில்லை.

"மூணு" என்றேன். "ரெண்டு பத்துலேர்ந்து ஆறரை வரைக்கும் மூணு. நான்தான் ஏத்தினேன்."

டாக்டர் கோபப்படவில்லை. ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார். ரத்த முடிவு வந்தது. கார்பன் டை ஆக்ஸைடு 92. எல்லாருக்கும் நாற்பது இருக்க வேண்டியது. இவருக்கு வழக்கமாக ஐம்பத்தைந்து. ஆக்ஸிஜன் அளவுக்கு மேல் ஏறும்போது ஹீமோகுளோபின் தான் பிடித்துக்கொண்டிருக்கும் கார்பன் டை ஆக்ஸைடைக் கைவிட்டுவிடும் என்றார். நுரையீரலில் வேலை செய்யாத பகுதிகளுக்கும் குழாய் திறந்துகொண்டு ரத்தம் வீணாக ஓடும். மூச்சும் கொஞ்சம் தளரும். இறங்க வேண்டியது இறங்காமல் ரத்தம் அமிலமாகும், மூளை மயங்கும். சோடா போட்டுச் சமன் செய்யக் கிட்னிக்கு நாட்கள் வேண்டும். நான் கொடுத்தது நாலு மணி இருபது நிமிடம்.

"மாஸ்க் மெஷின் போட்டிருக்கோம். அழுத்தமா காத்தை உள்ள தள்ளி, தேங்கினதை வெளிய எடுக்கும். காலைக்குள்ள குறையணும். குறையலைன்னா தொண்டையில ட்யூப் போடணும். இந்த லங்ஸுக்கு ட்யூப் போட்டுட்டா, திரும்ப எடுக்கறது கஷ்டம். புரியுதாம்மா?"

புரிந்தது. சம்மதப் படிவம் கொடுத்தார்கள். நோயாளிக்கு உறவு: தங்கை. தொடர்புக்கு இரண்டு எண்கள் கேட்டிருந்தார்கள். முதல் கோட்டில் என் எண்ணை எழுதினேன். இரண்டாவது கோட்டுக்கு என்னிடம் யாரும் இல்லை. அண்ணனின் எண்ணைத்தான் எழுத நினைத்தேன். ஐம்பத்து மூன்று வருடமாக எனக்கு இரண்டாவது ஆள் அவர்தான். பேனாவைப் பிடித்தபடி நின்றுவிட்டுப் பக்கத்து வீட்டு அம்மாவின் எண்ணை எழுதினேன்.

நர்ஸ், நாற்பது வயது இருக்கும், என்னைத் தனியாக அழைத்து பெஞ்சில் உட்காரவைத்தார். "அழுதுக்கினு இருக்காதீங்கக்கா. பொழைச்சு எழுந்தாலும் மத்தியானத்துலேர்ந்து நடந்தது எதுவும் அவருக்கு ஞாபகம் இருக்காது. நீங்களா போய் சொல்லிக்கினு இருக்காதீங்க. இன்னாத்துக்கு?"

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அந்த வராந்தாவில் உட்கார்ந்து நான் யோசித்தது அதைத்தான். அண்ணன் வீட்டுக்குத் திரும்புவார். உருண்டை ஒன்றில் நிற்கும். பல்லி, தீர்த்தம் என்று பேசுவார். அவர் மெஷினைப் பார்க்கும்போதெல்லாம் நானும் பார்ப்பேன். எனக்கு மட்டும் ஒன்று தெரிந்திருக்கும். இதுவரை அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரிந்ததாக எதுவும் இருந்ததில்லை. அவர் திரும்பாவிட்டால், அதைச் சொல்வதற்கு உலகத்தில் ஆளே இல்லை. 9.40க்கு மறுபடி ரத்தம் எடுத்தார்கள்: 81. அதற்குப் பிறகு நான் எதையும் எழுதவில்லை.

10ஆம் தேதி காலை 5.30க்கு 63 என்றார்கள். ட்யூப் தேவைப்படாது. 6.10க்கு நர்ஸ் கதவைத் திறந்து, "அஞ்சு நிமிஷம்க்கா" என்றார். பல்லும் துலக்கவில்லை, முகமும் கழுவவில்லை. அன்றைய முதல் வேலையாக அண்ணனின் கட்டிலுக்குப் போனேன். முகம் முழுவதும் மாஸ்க், தலையைச் சுற்றிப் பட்டை. கண் திறந்திருந்தது, என்னைத் தெரிந்தது. குனிந்து மெதுவாக, "அண்ணா, நேத்து மத்தியானம் நான்தான் மெஷினை மூணுல வச்சிட்டேன்" என்றேன்.

காற்று இரையும் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. புருவத்தை உயர்த்தி, என்ன என்று தலையை ஆட்டினார். நர்ஸ் திரும்பிப் பார்த்தார். பக்கத்துக் கட்டில்காரரும் விழித்திருந்தார். நான் அண்ணன் காதருகே போய், அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னேன்.